எக்ஸ்ரேயில் வலது, அம்மாவுக்கு இடது

கேள்வி: கம்பத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. தினமும் கம்பமெட்டு வழியாக ஜீப்பில் கேரளாவில் இருக்கும் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போவார். நான்கு நாட்களுக்கு முன் சரிவில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்துவிட்டார். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டிஸ்டல் ரேடியஸ் பிராக்சர், லெஃப்ட்', 'லெஃப்ட் நைன்த் ரிப் பிராக்சர், லேட்டரல்', 'லோ பேக் பெயின்' (குறுக்கு வலி) என்று இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தால் விலா முறிவு வலது பக்கம் தெரிகிறது. குறுக்கு வலியும் அவருக்குக் கிடையாது. மாற்றி எழுதிவிட்டார்களா?

பதில்: முதலில் பக்கம். எக்ஸ்ரேயை நாங்கள் பார்க்கும்போது, நோயாளி எங்களுக்கு எதிரே முகம் காட்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய இடது கை நம் வலது கைக்கு நேரே வரும், இல்லையா? படமும் அப்படித்தான். ஃபிலிம் மூலையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா, பாருங்கள்; அது அவருடைய இடது பக்கம். இதயத்தின் நிழலும் அந்தப் பக்கம்தான் அதிகம் சாய்ந்திருக்கும். முறிவு அதே பக்கம் என்றால் அவர்கள் எழுதியது சரி. மருத்துவத்தில் இடது, வலது என்றால் எப்போதும் நோயாளியின் இடது, வலதுதான்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் அடிப்படை ஒரே ஒரு நிற்கும் நிலை. நீங்களே எழுந்து நின்று பாருங்கள். நிமிர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கை இரண்டும் முன்னால் பார்க்கும்படி திருப்புங்கள். இப்போது சுண்டுவிரல் தொடைப் பக்கம், கட்டைவிரல் வெளிப்பக்கம். உடலின் நடுக்கோட்டை விட்டு விலகிய பக்கம் லேட்டரல். நடுக்கோட்டை ஒட்டிய பக்கம் மீடியல். ஆக, லேட்டரல் விலா முறிவு என்றால் அக்குளுக்கு நேர் கீழே, விலாப்புறத்தில்.

கை காலுக்கு வேறு ஒரு ஜோடி உண்டு. உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்டே இருப்பது ப்ராக்ஸிமல், தள்ளி இருப்பது டிஸ்டல். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். அதன் டிஸ்டல் முனை மணிக்கட்டுக்குச் சற்று மேலே. கையை ஊன்றி விழும் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு அடிக்கடி முறிகிற இடம் இது. மாவுக்கட்டு ஏறத்தாழ 6 வாரம் இருக்கும். அதுவரை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ தாமதிக்காமல் கட்டைக் காட்டுங்கள்.

அடுத்தது குறுக்கு வலி. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: அங்கே யாராவது 'நடுவேதனை உண்டோ?' என்று கேட்டார்களா? மலையாளத்தில் அது நாம் சொல்லும் குறுக்கு வலி. 'நடு' என்பதைக் கேட்டு அம்மா நடு நெஞ்சு என்று நினைத்து 'ஆமா' சொல்லியிருக்கலாம். என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு இப்படியே நடந்து, வலியே இல்லாத முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து வந்தார். 'மூட்டு' என்பதும் அப்படித்தான். நமக்கு எந்த மூட்டும் மூட்டு. மலையாளத்தில் 'முட்டு' என்றால் முழங்கால் அல்லது முழங்கை. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் போனால், சொல்லோடு விடாமல் வலிக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கை முழுவதையும் நெஞ்சில் வைத்தால், அதையும் அப்படியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதய வலியைப் பலரும் அப்படித்தான் காட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்குக் கவலை. இடது 9, 10, 11-ஆம் விலா எலும்புகளுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. விலா முறிந்தபோது அதற்கும் அடிபட்டிருந்தால், சில நாள் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா என்று சம்மரியில் பாருங்கள். இல்லையென்றால் இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம், சளி கட்டிக்கொள்ளும். தலையணையை அணைத்துப் பிடித்தபடி அவ்வப்போது ஆழமாக மூச்சு விடட்டும். மேல் வயிற்றில் இடது பக்கம் வலி, இடது தோளில் காரணமில்லாத வலி, தலைசுற்றல், வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். 'இடது 9-ஆவது விலா முறிந்திருக்கிறது' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.