பீபாப் (1940களில் உருவான, வேகமும் சிக்கலும் கூடிய ஜாஸ் பாணி) ஏன் மின்டன்ஸ் பிளேஹவுஸில் வளர்ந்தது? நியூயார்க்கில் வேறு பார்களே இல்லையா?

பார்கள் நிறையவே இருந்தன. ஆனால் இசைக்கலைஞர் சங்கத்தின் தொல்லை இல்லாமல் விடிய விடிய வாசிக்க முடிந்த இடங்கள் குறைவு. சம்பளம் வாங்காமல் ஜாம் (முன்திட்டமில்லாமல் கூடி வாசிப்பது) வாசித்து மாட்டிக்கொண்டால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கே சங்கத்தின் ஆட்கள் சுற்றுவார்கள். நியூயார்க்கின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில் மேற்கு 118ஆம் தெருவில், சிசில் ஹோட்டலின் தரைத்தளத்தில், 1938இல் இந்த இடத்தைத் திறந்த ஹென்றி மின்டனோ சாக்சஃபோன் கலைஞர். அந்தச் சங்கத்தின் நியூயார்க் கிளையில் (லோக்கல் 802) முதல் கறுப்பினப் பிரதிநிதி. அவர் இடத்தில் யாரும் கை வைக்கவில்லை. என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

1940இல் நிர்வாகத்துக்கு வந்த டெடி ஹில் ஒரு நிரந்தரக் குழுவை அமர்த்தினார்: பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க், பேஸில் நிக் ஃபென்டன், டிரம்பெட்டில் ஜோ கை. திங்கட்கிழமை ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டர் கலைஞர்களுக்கு ஓய்வு நாள். அன்றிரவு அவர்களுக்குச் சாப்பாடும் குடியும் இலவசம். ஆக, ஊரின் தேர்ந்த கைகள் வாராவாரம் இங்கே வந்து சேர்ந்தன.

கூடவே அரைகுறையாக வாசிப்பவர்களும் மேடை ஏறினார்கள். அவர்களை இறக்க, தெரிந்த பாட்டையே பழக்கமில்லாத சுருதியில் எடுப்பார்கள், கார்டுகளை (chords, மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) மாற்றிவிடுவார்கள். மெட்டை மட்டும் நம்பி வந்தவர் இரண்டாவது சுற்றிலேயே திணறுவார்.

டிரம்ஸில் கென்னி கிளார்க் செய்தது இன்னும் பெரிய மாற்றம். டெம்போ ஏற ஏற, நாலு அடியையும் பேஸ் டிரம்மில் மிதித்தால் கால் ஓய்ந்துவிடும். அதனால் தாளத்தை ரைட் சிம்பலுக்கு (ride cymbal, குச்சியால் தட்டும் உலோகத் தட்டு) கொண்டுபோய், பேஸ் டிரம்மை எதிர்பாராத இடங்களில் அழுத்தம் கொடுக்க வைத்துக்கொண்டார். இதே பாணிக்காக முன்பு அவரைத் தன் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து நீக்கியவர் டெடி ஹில்தான். பிறகு அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தது அவருடைய பெருந்தன்மை.

இரவு மின்டன்ஸ் மூடியதும் பலர் கிளார்க் மன்ரோ என்ற வேறொருவரின் அப்டவுன் ஹவுஸுக்குப் போவார்கள். அதுவும் கறுப்பினத்தவர் நடத்திய இடம். பீபாபின் பெரிய சாக்சஃபோன் கலைஞரான சார்லி பார்க்கர் முதலில் கவனம் பெற்றது அங்கேதான்.

ஹோட்டலில் நடந்த தீ விபத்துக்குப் பின் 1974இல் மின்டன்ஸ் மூடப்பட்டது. 2006இல் மீண்டும் திறந்தார்கள்.

கேட்டுப் பார்க்க வேண்டுமானால், ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் 1941இல் அங்கே கையடக்க வட்டுக் கருவியில் பதிந்தவை கிடைக்கின்றன. 1942 ஆகஸ்டில் சங்கமே ஒலிப்பதிவுக்குத் தடை போட்டதால் இவற்றின் மதிப்பு மிக அதிகம். அந்தப் பதிவுகளில் கிட்டார் வாசிக்கும் சார்லி கிறிஸ்டியன் 1942 மார்ச்சில் காசநோயால் இறந்தார், வயது 25. முதல் முறை அவருடைய நீண்ட வரிகளைக் கேளுங்கள். அடுத்த முறை கிட்டாரை விட்டுவிட்டு கிளார்க்கின் வலது காலை மட்டும் பின்தொடருங்கள்.