பேட்சில் கை வைக்கும் முன் பேக்கப்

கேள்வி: ரோலண்ட் ஜிஆர்-55 கிட்டார் சிந்தசைசர் வைத்திருக்கிறேன். அதன் சின்னத் திரையில் ஒரு சவுண்டைத் திருத்துவதற்குள் கண் பூத்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் செய்ய முடியுமா? சேர்த்து வைத்த பேட்ச்கள் (சவுண்டு அமைப்புகள்) அழிந்துவிடாதா?

பதில்: முடியும். அவசரப்பட்டால் அழியவும் செய்யும். பேக்கப் எடுக்காமல் வரிசையை மாற்றப் போய், நன்றாக அமைந்த ஒரு ஸ்டிரிங்ஸ் பேட்சின் மேலேயே வேறொன்றை எழுதித் தொலைத்தவன் நான்.

முதலில் டிரைவரை நிறுவுங்கள், பிறகு யூஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். ஃப்ளோர்போர்டு என்ற இலவச எடிட்டர் போதும். அதன் அமைப்பில் மிடி இன், மிடி அவுட் (கருவியும் கம்ப்யூட்டரும் தகவல் பரிமாறும் வழிகள்) இரண்டிலும் ஜிஆர்-55-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் கருவி பேசாது. இணைந்ததும் 297 யூசர் பேட்ச்களையும் மொத்தமாக ஒரு ஃபைலில் இறக்கி, பெயரில் தேதி போட்டு வையுங்கள். சரி, இனி பயமில்லாமல் நோண்டலாம்.

ஒரு பேட்சுக்குள் இரண்டு பிசிஎம் டோன் (பதிவுசெய்த வாத்திய ஒலிகள்), ஒரு மாடலிங் டோன் (தந்தியின் ஒலியையே உருமாற்றுவது), கிட்டாரின் சொந்தப் பிக்கப் (தந்தி அதிர்வைப் பிடிப்பது) என நான்கு ஒலிகள் இருக்கின்றன. பெட்டியில் இவற்றைப் பக்கம் பக்கமாகத் தேடவேண்டும்; இங்கே கண்முன் விரிந்திருக்கும். முதல் பிசிஎம் டோனில் புல்லாங்குழல் வைத்து, 5, 6 தந்திகளுக்கு அதன் லெவலைப் பூஜ்யமாக்குங்கள்; இரண்டாவது டோனில் பேஸ் வைத்து, 1 முதல் 4 வரையிலான தந்திகளுக்கு அதன் லெவலைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். கட்டைவிரல் தொடும் தடித்த தந்திகளில் பேஸ், மெல்லிய தந்திகளில் புல்லாங்குழல்! இதற்காகவே எடிட்டர் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மறக்காதீர்கள். திரையில் மாற்றுவது உடனே காதில் கேட்கும், ஆனால் அது தற்காலிகம். 'ரைட்' (சேமிப்பு) கொடுக்காமல் அடுத்த பேட்சுக்குப் போனால் போனதுதான்.

பேட்ச்களை அகர வரிசையில் அடுக்காதீர்கள். அவை மும்மூன்றாக 'பேங்க்' என்ற தொகுப்புகளில் இருக்கும்; ஒரு பேங்குக்கு மூன்று பெடல்தான். ஒரு பாட்டுக்கு வேண்டிய மூன்று சவுண்டை ஒரே பேங்கில் வைத்தால் மேடையில் கால் தடுமாறாது.

அப்புறம், அடுத்தவர் கொடுத்த பேட்ச் உங்களிடம் சொதப்பினால் பேட்சைத் திருத்த உட்காராதீர்கள். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகப் பிடித்து சிந்தசைசருக்கு அனுப்பும் ஜிகே பிக்கப்பின் சென்சிட்டிவிட்டி பேட்சோடு வருவதில்லை, கருவியின் சிஸ்டத்தில் இருக்கிறது. ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டி, மீட்டர் உச்சியை முட்டாதபடி முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.