பிடித்து வைத்த தண்ணீர், திங்கட்கிழமை இறுக்கம்: கொங்கு வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பல்லடம் பக்கமுங்க. குடிதண்ணி எட்டு, பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வருது. டெங்குன்னு சொல்லி டிரம்மைக் கவுத்துட்டுப் போறாங்க. புடிச்சு வைக்காம எப்படிங்க இருக்கறது?

பிடித்து வையுங்கள். தினமும் குழாயில் தண்ணீர் வராத ஊரில் 'தண்ணீரைத் தேக்காதே' என்பது பாதி யோசனைதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. டிரம் காய்ந்தாலும் அந்த முட்டை பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். பொரித்த புழு கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். உங்கள் ஊரில் தண்ணீர் வரும் இடைவெளியும் அதேதான். அதனால் வெறுமனே கவிழ்த்து, அலசி, மறுபடி பிடிப்பதில் பயனில்லை.

தண்ணீர் வருகிற அன்று மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுங்கள். தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு உட்சுவரை அழுத்தித் தேயுங்கள். பழைய தண்ணீர் மட்டம் வளையமாகத் தெரியும் இடத்தை விட்டுவிடாதீர்கள். நன்றாக அலசிவிட்டுப் பிடியுங்கள். தட்டு போட்டு மூடினால் ஓரத்தில் சந்து இருக்கும். பழைய வேட்டித் துணியை இழுத்துப் போர்த்தி சைக்கிள் டியூப்பால் கட்டுவது மேல். துணி தொய்ந்து தண்ணீரில் படக் கூடாது.

சிமெண்ட் தொட்டியை ஒவ்வொரு தடவையும் காலி செய்ய முடியாது. அதற்குத்தான் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. மணல் போன்ற 1% குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். இந்த அளவில் குடிதண்ணீருக்கும் பாதகமில்லை. வாசனை அடிக்கிறதென்று அன்றைக்கே கொட்டிவிடுகிறார்கள், அங்கேதான் வேலை கெட்டுப்போகிறது.

கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள்.

பையனுக்கு டெங்கு. காய்ச்சல் விட்டிருச்சு, ஆனா பிளேட்லெட் 60,000-ங்கிறாங்க. ஏத்தச் சொல்லிக் கேக்கலாமா? பப்பாளி இலைச் சாறு குடுக்கறோம். (அவிநாசி)

ரத்தக் கசிவு இல்லாதபோது 60,000-க்குத் தட்டணு (பிளேட்லெட்) ஏற்றுவதில்லை. பொதுவாக 10,000-க்குக் கீழே போனாலோ ரத்தம் கசிந்தாலோதான் அந்தப் பேச்சே வரும். டெங்குவில் உயிரை வாங்குவது பெரும்பாலும் தட்டணு குறைவதல்ல. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து ரத்தம் கெட்டியாவதுதான். அதனால் பிளேட்லெட்டோடு, ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் பிசிவி எவ்வளவு, நேற்றைவிட ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

காய்ச்சல் விட்ட முதல் ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். 'விட்டிருச்சு' என்று வீட்டுக்கு அழைத்துப் போவது அப்போதுதான் நடக்கிறது. விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, அசதியாகச் சுருண்டு படுப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். உடம்புவலி என்று டைக்ளோபினாக் ஊசி போட விடாதீர்கள், ரத்தக் கசிவு கூடும். இலைச் சாற்றை நம்பி பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அந்தக் கசப்பு இன்னும் குமட்டும். உப்புசர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.

ஸ்பின்னிங் மில்லுல பஞ்சைப் பிரிச்சுச் சுத்தம் பண்ற புளோரூம் வேலைங்க. திங்கக்கிழமை ஷிப்டுல நெஞ்சைப் புடிச்ச மாதிரி இறுக்குது, இருமலும் வருது. செவ்வாக்கிழமை சரியாயிருது. இது என்னங்க? (உடுமலை)

பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸாக இருக்கலாம். லீவு முடிந்து வரும் முதல் நாளில் மட்டும் இறுக்குவதுதான் இதன் அடையாளம். அப்படியே விட்டால் வாரம் முழுக்க இறுக்கும். கடைசியில் வேலையை விட்டாலும் மூச்சு பழைய நிலைக்கு வராது. தூசி அதிகம் புளோரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும்தான். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனால் சளி, ஆஸ்துமா, பீடி என்று எதையாவது சொல்லி மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

கேட்க வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் பரிசோதனை. திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை. இரண்டுக்கும் நடுவே ஊதும் அளவு நன்றாகக் குறைந்தால் அது வேலையோடு சம்பந்தப்பட்டது. மருத்துவர் கேட்காவிட்டாலும் எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருஷம் என்று நீங்களே சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுத வையுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொழில்நோய்ப் பட்டியலில் பைசினோசிஸ் உண்டு. பிற்பாடு இழப்பீடு கேட்க அந்தச் சீட்டு வேண்டும். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். காண்ட்ராக்ட் ஆளாக இருந்தால் உங்கள் பேரில் இ.எஸ்.ஐ. எண் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பல பேர் இதை நோய் வந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

மூக்கில் கட்டும் துண்டு பெரிய பஞ்சை நிறுத்தும், நுண்தூசியை நிறுத்தாது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்-95 முகக்கவசம் வேண்டும். கம்ப்ரசர் காற்றால் மெஷினை ஊதிச் சுத்தம் செய்யும் நேரத்திலாவது கட்டாயம் போடுங்கள்.

நாய் கடிக்கல, நகம்தான் கீறுச்சு, ரத்தமும் வரல. ஊசி வேணுமா? (கோபி)

வேண்டும். முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். தோலில் போடும் ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசி) சேர்த்துப் போட வேண்டும். முதல் நாள் அது கிடைக்காமல் போனால் முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும். நாய் சாகிறதா என்று பார்த்துக்கொண்டு ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்பாவுக்கு பிரஷர் 130/80-க்கு வந்திருச்சு. மாத்திரையை நிறுத்தலாமுங்களா? (பெருந்துறை)

மாத்திரை சாப்பிடுவதால்தான் 130/80. நிறுத்தினால் சில வாரத்தில் பழையபடி ஏறும். அளவைக் குறைப்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். மாதாமாதம் போய் வாங்குவது சிரமமென்றால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.