பெருநகரத்தில் ஒரு திரையரங்கு சிறந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

சாய்வு இருக்கை, பளபளக்கும் முகப்பு, இருக்கைக்கே வந்து சேரும் தின்பண்டம் என்று பலரும் அடுக்குவார்கள். நான் முதலில் பார்ப்பது திரையின் ஓரத்தை.

படங்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வருகின்றன: அகலம் உயரத்தைப்போல 1.85 மடங்கு, அல்லது 2.39 மடங்கு. திரையோ ஒன்றுதான். எனவே படத்துக்கு ஏற்றபடி கறுப்புத் துணி நகர்ந்து, மிச்சமிருக்கும் வெற்றுத் திரையை மூட வேண்டும். புதிதாகக் கட்டப்பட்ட பல அரங்குகளில் இந்தத் துணியே கிடையாது. இருட்டான காட்சிகளில் மேலும் கீழும் சாம்பல் நிறப் பட்டை துருத்திக்கொண்டு நிற்கும். துணியைச் சரியாக நகர்த்துகிற அரங்கில் மற்ற வேலைகளும் சரியாக நடக்கும் என்பது என் கணக்கு.

அடுத்தது வெளிச்சம். சாதாரண டிஜிட்டல் திரையிடலுக்கு வகுத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு). புரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்கு பழசாக ஆக ஒளி மங்கும்; மாற்றினால் செலவு என்று ஓட்டியவரை ஓட்டுவார்கள். இரவுக் காட்சியில் முகங்கள் கலங்கித் தெரிந்தால் உடனே ஒளிப்பதிவாளரைத் திட்டிவிடாதீர்கள். முப்பரிமாணப் படத்துக்காக மாட்டிய வெள்ளிப் பூச்சுத் திரையில் சாதாரணப் படத்தைப் போட்டால் இன்னொரு தொல்லை: நடுவில் பளிச், ஓரங்களில் மங்கல்.

ஒலி விஷயத்தில் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். 2012இல் வந்த டால்பி அட்மாஸ் என்ற ஒலி முறை 64 ஒலிபெருக்கித் தடங்கள் வரை தனித்தனியாக ஒலியை அனுப்ப வல்லதுதான். ஆனால் இரைச்சல் என்று யாரோ முறையிட்டதும் மொத்த ஒலியையும் இறக்கிவிட்டால், வசனம் முணுமுணுப்பாகிவிடும். பெருநகரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இட நெருக்கடியால் ஒரே கட்டடத்தில் பல அரங்குகளை ஒட்டி ஒட்டிக் கட்டுகிறார்கள். இங்கே இருவர் மெல்லப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து அரங்கின் குண்டுவெடிப்பு சுவரைத் தாண்டி நம் முதுகில் அதிரும். தாழ்ந்த சுருதி ஒலியைத் தடுப்பதுதான் கடினம். கட்டும்போதே கனமான இரட்டைச் சுவர் எழுப்பாதவர்கள் பிறகு செய்யக்கூடியது அதிகமில்லை.

இருக்கை? முன்னால் இருப்பவர் தலை மறைக்காத அளவுக்குத் தளம் சரிந்திருந்தால் எனக்குப் போதும்.

இப்போது நேரம் வந்ததும் சர்வர் கணினியே படத்தை ஓட்டிவிடுகிறது. புரொஜெக்டர் அறையில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை. ஆகவே படம் ஒருபக்கம் மங்கலாக ஓடினால் வெளியே போய்ச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் உள்ளே வந்து, நின்று, தன் கண்ணால் திரையைப் பார்த்துவிட்டுப் போகிறாரென்றால் அந்த அரங்குக்கு இன்னும் கொஞ்சம் தூரமானாலும் போகலாம்.