மந்தைவெளியும் களத்துமேடும் மிஞ்ச வேண்டுமென்றால்

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்களுடையது சின்ன ஊராட்சி. நான்குவழிச் சாலை வந்தபிறகு சுற்றிலும் மனை போட்டுக்கொண்டே வருகிறார்கள். ஊருக்குப் பொதுவாகக் களத்துமேடு, மேய்ச்சல் தரை, கோயிலை ஒட்டிய காடு, வற்றிப்போன குட்டை எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் காப்பாற்ற நாங்களே திட்டம் போட முடியுமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாகப் போடலாம். யாரோ வந்து தொடங்கிவைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த இடம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அரசுக் கணக்கில் அதை எப்படி வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வி.ஏ.ஓ.விடம் ஊர் நிலங்களின் வகையும் பரப்பும் எழுதிய 'அ' பதிவேடும் புல வரைபடமும் இருக்கும்; 'அ' பதிவேட்டை இணையத்திலும் பார்க்கலாம். அதில் மேய்க்கால், களம், தோப்பு என்று எழுதியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, ஏனென்றால் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அந்தவகைப் புறம்போக்குகள் ஊராட்சியின் வசம் இருப்பவை. 'தீர்வை ஏற்படாத தரிசு', அதாவது நிலவரி விதிக்காத தரிசு, என்று மட்டும் இருந்தால்தான் ஆபத்து. தலைமுறை தலைமுறையாக ஊரே அங்கே மாடு மேய்த்திருக்கும், ஆனால் ஏட்டைப் பொறுத்தவரை அது சும்மா கிடக்கும் அரசு நிலம்; ஏதாவது கட்டடத்துக்கு இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதனால் உங்கள் பட்டியலில் இந்தத் தரிசுகளை மேலே வையுங்கள்.

பட்டியல் எடுக்க இளைஞர்கள் மட்டும் கைபேசியோடு சுற்றிவந்தால் போதாது. ஆடு மேய்ப்பவர்களும் வயதானவர்களும் கூடவே நடக்க வேண்டும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாகக் குட்டைக்கு வந்தது, எந்த இடத்தில் அடைபட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வரத்து வாய்க்காலை விட்டுவிட்டுக் குட்டைக்கு மட்டும் வேலி போட்டு என்ன பயன்?

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. 'பொது இடங்களைப் பாதுகாக்க வேண்டும்' என்று மொட்டையாகத் தீர்மானம் போடாதீர்கள், அது அப்படியே கிடப்பில் போய்விடும். புல எண், பரப்பு, இப்போதைய பயன்பாடு, எதற்காகவும் வகை மாற்றக் கூடாது என்ற வரி, அளந்து எல்லைக்கல் நட வட்டாட்சியருக்குக் கோரிக்கை, இவ்வளவும் அதில் இருக்கட்டும். நகலைக் கையோடு வாங்கி வையுங்கள். ஏற்கெனவே யாராவது வளைத்திருந்தால், 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஜக்பால் சிங் தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள். பஞ்சாபில் கிராமக் குளத்தை மூடி வீடு கட்டிய வழக்கு அது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் அதில் உத்தரவு போனது.

கோயில் காட்டுக்குத் தனி வழியே இருக்கிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். உங்கள் மாவட்டத்துக் காசம்பட்டி வீர கோயில் காடு, வெறும் 4.97 ஹெக்டேர்தான், 2025இல் அப்படி அறிவிக்கப்பட்டது. சின்ன இடம் என்று தயங்க வேண்டாம். ஆனால் அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடவும் கூடாது. மதுரை அரிட்டாபட்டி 2022லேயே அறிவிக்கப்பட்ட தலம், அதையும் உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்கள் கிராம சபைத் தீர்மானங்களோடு தெருவில் இறங்கின; 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

கேள்வி: நாங்கள் வாங்கிய மனைப்பிரிவின் வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது கல் நடுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: இன்றைக்கே அந்த இடத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுத்தாக வேண்டும். பணம் கட்டித் தப்பிக்க முடியாது. பத்திரம் பதிவாகியிருந்தால் அந்த இடம் ஊராட்சியுடையது. கல்லைப் பிடுங்கி வேலி போடும் பொறுப்பும் ஊராட்சிக்கே, எழுத்தில் கேளுங்கள். பதியவே இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலோடு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் சார்பதிவாளருக்கும் மனு கொடுங்கள். மனை கைமாறுவதற்குள் இதைச் செய்துவிடுங்கள், மாறிவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: பட்டா நிலத்தில் நிற்கும் பழைய தோப்பை ஊர் காப்பாற்ற முடியுமா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: ஊர்த் தீர்மானத்தால் மட்டும் முடியாது, தோப்பு பட்டாதாரரின் சொந்தச் சொத்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது: ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் சொத்துவரியோடு 3 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டி, அந்தப் பணத்தில் திறந்தவெளியை வாங்கலாம். நிலம் உரியவரிடமே இருக்க, அங்கே கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் வாங்கிவைப்பதும் அங்கே வழக்கம். நமக்கும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். இப்போதைக்கு, உரிமையாளர் யாரிடமும் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.