வாசகர் கேள்வி: செயின் இல்லாத பழைய பைக்

கேள்வி: அண்ணே, பெரிய பைக்குக்கான கிளாஸ் 2 லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இளமையில் தான் ஓட்டிய ஹோண்டா சிஎக்ஸ்500 பற்றி என் மாமா பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். ‘ஷாஃப்ட் டிரைவ் மாதிரி வராது’ என்பார். படத்தில் பார்த்தேன், அழகாகவும் இல்லை, கனமாகவும் இருக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: மாமா சொல்வதும் சரி, அழகைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரி தம்பி.

நம் சிங்கப்பூரில் யாருக்குத் தனி கராஜ் இருக்கிறது? மழையில் மலேசியாவின் மெர்சிங் வரை போய் வந்தால் செயினில் மணலும் கறுப்பு எண்ணெயும் அப்பிக்கொள்ளும். அதைத் துடைக்க வீவக கார்பார்க்கில் மண்ணெண்ணெயும் பழைய பிரஷுமாகக் குந்த வேண்டும். தரையில் கறை விழும், போகிறவர் வருகிறவர் முறைப்பார்கள். ஷாஃப்ட் பைக்கில் அந்த வேலையே இல்லை. என்ஜினின் சக்தியை ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. கடைசியில் இருக்கும் பற்சக்கரங்கள் மூடிய கூட்டுக்குள் எண்ணெயில் சுழல்கின்றன. மழை, மணல் எதுவும் உள்ளே போகாது. செயினை இறுக்கவும் வேண்டாம், கால்சட்டையில் கறையும் படாது.

பிஎம்டபிள்யூ 1923-லேயே இதைச் செய்துவிட்டது. ஜப்பான்காரர்கள் எழுபதுகளில்தான் இதில் மும்முரமாக இறங்கினார்கள்: 1975-ல் ஹோண்டா கோல்ட் விங், 1978-ல் உங்கள் மாமாவின் சிஎக்ஸ்500, 1979-ல் சுசுகி ஜிஎஸ்850ஜி. என் ஓட்டு சுசுகிக்குத்தான். ஆனால் அமைப்பில் கெட்டிக்காரத்தனம் சிஎக்ஸிடம்தான் இருக்கிறது. அதில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, முன்பின்னாக நீளவாக்கில் கிடக்கிறது. அதனால் சக்தி பின்சக்கரத்தருகே ஒரே ஒரு முறை திரும்பினால் போதும். குறுக்காக என்ஜின் வைத்த சுசுகியில் இரண்டு முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் சக்தி வீணாகும். லண்டன் கூரியர்காரர்கள் சிஎக்ஸை ஏன் அப்படி விரட்டி விரட்டி ஓட்டினார்கள்? நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து செயின் துடைக்க யாருக்குத் தெம்பு இருக்கும்!

கேள்வி: ஷாஃப்ட் என்றால் பராமரிப்பே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? திராட்டில் முறுக்கினால் பின்பக்கம் எம்பும் என்கிறார்களே, அது ஆபத்தா?
– ஈசூன் வாசகி

பதில்: பராமரிப்பே வேண்டாம் என்பவரிடம் பைக் வாங்காதீர்கள் அம்மா. பின் கியர் எண்ணெயை அவ்வப்போது மாற்ற வேண்டும். சிஎக்ஸுக்குக் கால் லிட்டர்கூடத் தேவைப்படாது, செலவு பெரிதில்லை. பலர் மறப்பது சக்கரமும் பின் கியரும் இணையும் இடத்தில் இருக்கும் ஸ்ப்ளைன் எனப்படும் பல்வரிகளை. டயர் மாற்றப் பின்சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் அங்கே மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவ வேண்டும். வாங்கும்முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிவப்புத் துரு தூளாகக் கொட்டினாலோ பற்கள் கத்தி முனைபோல் கூராக இருந்தாலோ வேண்டாம். பழைய பைக்குக்கு அந்தச் சாமான் தேடுவது பெரிய தலைவலி.

எம்புவது உண்மை. முறுக்கினால் பின்பக்கம் உயரும், விட்டால் தாழும். நேர்ச்சாலையில் சிரித்துக்கொண்டே ஓட்டலாம். வளைவின் நடுவில் மட்டும் திராட்டிலைச் சட்டென்று விடாதீர்கள். பைக் உட்காரும், கால் வைக்கும் ஃபுட்பெக் தரையில் உரசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே மெல்ல முறுக்கிக்கொண்டே போங்கள்.

கேள்வி: பழைய ஷாஃப்ட் பைக் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: முதலில் பதிவுத் தேதியைக் கேளுங்கள். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்களை 2028 ஜூன் 30-க்குப் பிறகு நம் சாலைகளில் சாதாரணமாக ஓட்ட முடியாது. 35 ஆண்டு ஆனவற்றுக்குக் கிளாசிக் திட்டம் உண்டு, ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பவருக்கு அது போதும். தினமும் வேலைக்குப் போக வேண்டுமென்றால் 2003 ஜூலை 1-க்குப் பின் பதிவான யமஹா எஃப்ஜேஆர்1300 போன்ற ஒன்றைத் தேடுங்கள். அதுவும் ஷாஃப்ட்தான். விற்பவர் பதிவுத் தாளைக் காட்டத் தயங்கினால் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள்.