சுண்டெலி வைரஸ் நரம்புச் செல்லில் நுழைந்ததா? பட்டையை மட்டும் நம்பாதீர்கள்

வணக்கம். எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்ற மனித நரம்புக் கட்டிச் செல்களை நரம்புச் செல்லாக முதிரவைத்து, எக்ஸ்எம்ஆர்வி என்ற சுண்டெலி வழி வைரஸைக் கொடுத்ததில், பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) வைரஸ் டிஎன்ஏவுக்கான பட்டை வருகிறது, வைரஸ் புரதம் மட்டும் தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ அது தொற்று இல்லை என்றே படுகிறது.

செல்லுக்குள் நுழைவதில் சிக்கல் இருக்காது. இந்த வைரஸ் பிடித்துக்கொள்ளும் எக்ஸ்பிஆர்1 ஏற்பி மனிதச் செல்களில் பரவலாக உண்டு. தடை அதற்குப் பிறகுதான். இது சேர்ந்த காமா ரெட்ரோவைரஸ் வகை உட்கருவுக்குள் போக, செல் பிரியும்போது உட்கரு உறை கலைய வேண்டும். எச்ஐவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதிர்ந்த நரம்புச் செல் பிரிவதில்லை என்பதால் வைரஸ் வாசலிலேயே நின்றுவிடும். முதிரவைக்கும் ரெட்டினோயிக் அமிலம் கொடுத்த பிறகும் பிரியும் செல்கள் கொஞ்சம் மிஞ்சும், பிரியும் செல்லில் இருக்கும் கேஐ-67 புரதத்துக்குச் சாயமிட்டுப் பாருங்கள்.

அப்புறம், தட்டில் செல்கள் ஒட்டி வளர மேட்ரிஜெல் என்ற கூழ் பூசினீர்களா? அது சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுப்பது. உங்கள் பட்டை அதிலிருந்தே வந்திருக்கலாம். சுண்டெலி டிஎன்ஏவில் நிறைய இருக்கும் ஐஏபி வரிசைக்கு ஒரு பிசிஆர் போட்டால் எலி டிஎன்ஏ கலப்பு தெரிந்துவிடும். வைரஸ் கரைசலுக்கு, வெளியே மிதக்கும் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைக் கொடுங்கள். வைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுவதைத் தடுக்கும் ஏஇசட்டி மருந்து சேர்த்த ஒரு கிணறும் (தட்டின் குழி) வையுங்கள். அதிலும் பட்டை அதே அளவில் வந்தால் அது புதிதாக உருவான டிஎன்ஏ அல்ல.

இந்த வைரஸின் கதையே இதுதானே. தீராச் சோர்வு நோயோடு இதை முடிச்சுப்போட்ட 2009 கட்டுரையை 'சயின்ஸ்' இதழ் 2011இல் திரும்பப் பெற்றது. மனிதக் கட்டியைச் சுண்டெலிக்குள் வளர்த்தபோது இரண்டு எலி வைரஸ்கள் கலந்து பிறந்ததுதான் இது.